நாத்தனார் விளக்கும் மூன்றாவது செட்டும்

இடுப்பில் செருகியிருந்த செல்போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. ஒரு கேம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் யாருக்கு, மகள் யாமினிக்கா, இல்லை எதிரே ஆடுகிற அந்தச் செக் நாட்டுப் பெண்ணுக்கா, அதைச் சொல்லாது இந்தப் பாழாய்ப்போன போன், எடுத்துப் பார்த்தால்தான் சொல்லும், எடுத்துப் பார்க்கப் பரிமளத்துக்குக் கை இல்லை. இருக்கிற ரெண்டு கையிலும் வெள்ளித் தட்டு, தட்டின் மேல் காமாட்சி விளக்கு, சுடர் ஆடக் கூடாதென்று மணவறைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் நிறுத்தித் தொலைத்துவிட்டார்கள், வீடியோக்காரனின் லைட்டு வேறு முகத்தில் அடிக்கிறது, பட்டுப்புடவைக்குள் முதுகெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. தம்பி குமரகுருபரனுக்கு ஒருவழியாகக் கல்யாணம், வாலாஜாப்பேட்டை பைபாஸ் ஓரத்து மண்டபத்தில், தை பிறந்ததும் வந்த முதல் முகூர்த்தத்தில். மாப்பிள்ளையின் அக்காதான் பெண்ணுக்குப் பின்னால் நின்று விளக்குப் பிடிக்க வேண்டும், தாலியின் பின் ரெண்டு முடிச்சையும் அவள்தான் போட வேண்டும், இவர்கள் வழக்கம் அப்படி. "தாலி ஏறுற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது, யார் கையிலயும் குடுக்கக் கூடாது, அணைஞ்சா நல்லதில்ல, சொல்லிட்டேன்" என்று சகுந்தலா சித்தி பக்கத்திலேயே நின்று காவல் காக்கிறாள். அம்மா போனபிறகு இந்த வீட்டுக்குச் சித்தி வைத்ததுதான் சட்டம். நாள் குறித்தபோது யாமினி மெல்போர்ன் டென்னிஸில் தகுதிச் சுற்றைத் தாண்டி கிராண்ட்ஸ்லாம் முதல் சுற்றில் நிற்பாள் என்று யார் கண்டது? அந்த ஊர்ப் பகல் ஆட்டம் இந்த ஊருக்கு விடியற்காலை. முகூர்த்தமும் முதல் சுற்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. கல்யாணத்தைத் தள்ளிவைக்க முடியுமா, இல்லை மெல்போர்ன்காரர்களிடம் போய் ஆட்டத்தைத்தான் தள்ளிவைக்கச் சொல்ல முடியுமா.

மறுபடியும் அதிர்ந்தது. அடடா, இவ்வளவு சீக்கிரமா, இப்போதுதானே ஒன்று முடிந்தது. ஒரு கேமுக்கு ஒரு அதிர்வு, செட் முடிந்தால் ரெண்டு, ஆட்டமே முடிந்தால் நீளமாக ஒன்று. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது யாமினிதான் போனைப் பிடுங்கி இதைச் செய்து வைத்தாள், "நீ சமையல் பண்ணிக்கிட்டே தெரிஞ்சுக்கலாம்மா, ஓயாம எடுத்து எடுத்துப் பார்க்க வேணாம்" என்று. அவளுக்கு எல்லாமே விளையாட்டு. அதிர்ந்தால் மனுஷி எடுத்துப் பார்க்காமல் இருப்பாளா? கடைசியாகப் பார்த்தது பெண்ணின் அறையில், கூறைப்புடவை மடிப்பு எடுத்துவிடுகிற சாக்கில். முதல் செட் போயிருந்தது, ரெண்டாவது செட் யாமினிக்கு வந்திருந்தது, மூன்றாவது ஆரம்பம். "அண்ணி, யாருக்கு போன்?" என்று கல்யாணப் பெண் சங்கவி கேட்டாள், பாவம், அவளுக்கு அவள் கவலை. "ஒண்ணுமில்லம்மா" என்றாள் இவள். ரெண்டாவது செட் ஜெயித்துவிட்டாளே என்று எந்தத் தாயாவது வருத்தப்படுவாளா? இவள் பட்டாள். செட்டுக்கு செட் சமம் என்றால் இன்னும் ஒரு முழு செட், இன்னும் எத்தனை சர்வீஸ், இன்னும் எத்தனை தரம் அந்தக் கை தலைக்கு மேலே போக வேண்டும். அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தபோதுதான் "நாத்தனார் எங்கம்மா, விளக்கை ஏத்துங்க" என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டார்.

அந்தக் கைதான் விஷயம். மண்டபத்தில் இத்தனை ஜனம் இருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாது, பெற்ற தகப்பனுக்கே தெரியாது. நேற்று நலங்கு முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது யாமினி கூப்பிட்டாள். "அம்மா, தனியா இருக்கியா? தனியாப் போ." போனாள், வாழைமரம் கட்டுகிற இடத்துக்குப் பின்னால். "வலது தோள் மறுபடியும் போச்சும்மா. முன்னாடி தைச்சாங்களே, அதே இடம். ஊசி போட்டிருக்காங்க, நாளைக்கு வலி தெரியாது. இன்னொரு தரம் கிழிஞ்சா திரும்பத் தைக்க அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காதுன்னு டாக்டர் சொல்றார்." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், புடவை கிழிந்த மாதிரி. "ஆடாதடி" என்றாள் பரிமளம், "வேணாண்டி கண்ணு, வந்துடு, எனக்கு ஒண்ணும் வேணாம், வந்துடு." அந்தப் பக்கம் சிரிப்பு. "நீ சொல்லுவேன்னு தெரியும். சொல்லிட்டேல்ல? இனிமே உன் மேல தப்பில்ல. அப்பாகிட்ட சொல்லாத, அவர் தாங்க மாட்டார். மாமா கல்யாணம் முடியட்டும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். உன் மேல தப்பில்லையாம். யார் மேல் தப்பு என்று இவள் கேட்டாளா? தப்பு யார் மேல் இருந்தால் என்ன, கை அவளுடையது. அந்தக் கை என்ன வெறும் டென்னிஸ் ஆடுகிற கையா? சோறு சாப்பிடுகிற கை, பிறந்தபோது இவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்ற கை. முப்பது வயசுக்கு மேல் ஒரு செம்பைத் தூக்க முடியாமல் போய்விட்டால் அந்த மெல்போர்ன்காரன் வந்து தண்ணீர் மொண்டு ஊற்றுவானா. ராத்திரி பூராவும் இதையே நினைத்துப் புரண்டாள், பக்கத்தில் புருஷன் தண்டபாணி குறட்டை விட்டுத் தூங்கினார், சொல்லிவிடலாமா என்று ரெண்டு தரம் தோளைத் தொட்டாள், தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

எதிரே சங்கவியின் பின்னல். விளக்குப் பிடிக்கிறவளுக்கு முன்னால் பார்க்க வேறு என்ன இருக்கிறது, பெண்ணின் முதுகும் பின்னலும்தான். மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துத் தைத்த பெரிய ஜடை, கழுத்து நோகும் அந்தப் பிள்ளைக்கு. யாமினிக்குப் பின்னினால் இப்படியா, இறுக்கிப் பிடித்து ரெண்டாக மடித்துக் கட்ட வேண்டும், ஒரு முடி கண்ணில் விழக் கூடாது. சின்ன வயசில் ஆட்டத்துக்கு முன்னால் இவள்தான் பின்னிவிடுவாள், செங்கல்பட்டு கோர்ட்டு, வேலூர் கோர்ட்டு, எந்த ஊராக இருந்தாலும் பெஞ்சில் உட்காரவைத்து. "வலிக்குதும்மா, மெதுவா" என்பாள், மெதுவாகப் பின்னினால் "லூசா இருக்கு, அவுத்துப் போடு" என்பாள். வெளிநாடு போக ஆரம்பித்தபிறகு தானே பின்னக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பின்பக்கமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாள், வேறு ஒன்றும் எழுத மாட்டாள், பின்னல் மட்டும். சரியாக இருக்கா என்று கேட்கிற மாதிரி. இவள் "நல்லாருக்கு" என்று போடுவாள், சில நாள் "கீழ கொஞ்சம் லூசு" என்று போடுவாள். இன்றைக்குப் போட்டோ வரவில்லை. நெட்வொர்க் இல்லை போல என்று விடியற்காலையில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், கல்யாண வேலையில் மறந்தும்போனாள், இப்போது சங்கவியின் பின்னலைப் பார்த்ததும் சுருக்கென்றது. தானே பின்னிக்கொள்ள வேண்டுமானால் ரெண்டு கையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும். வலது கை போகவில்லையோ. போகாத கையை வைத்துக்கொண்டா சர்வீஸ் போடுகிறாள். இருக்காது, நெட்வொர்க்தான்.

அதிர்ந்தது. இது மூன்றாவதா நாலாவதா? கணக்கு விட்டுப்போயிற்று. சீக்கிரம் சீக்கிரம் முடிகிறது. கேம் சீக்கிரம் முடிந்தால் சர்வீஸ் போடுகிறவள் ஜெயித்திருப்பாள் என்று தண்டபாணி சொல்லுவார். அப்படியானால் இது யாமினி சர்வீஸா? யாமினி சர்வீஸ் என்றால் அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் தோள் போன பெண்ணின் சர்வீஸ் என்ன சர்வீஸ், அந்தச் செக் நாட்டுக்காரி ஒரே அடியில் திருப்பியிருப்பாள், அதனாலும் சீக்கிரம் முடியும். அப்படியானால் தோற்கிறாள். தோற்றால் நல்லதுதானே? அட, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. இங்கே தண்டபாணியாவது பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லலாம், அந்த மனுஷனுக்கு ஒரு நம்பிக்கை, தான் பார்த்தால் மகள் தோற்றுவிடுவாள் என்று. என்றைக்கோ கோயம்புத்தூரில் ஒரு பைனலில் தோற்கிற நிலையில் இருந்தபோது டீ குடிக்கப் போனாராம், திரும்பி வருவதற்குள் ஜெயித்திருந்தாளாம், அதிலிருந்து மகள் ஆட்டம் என்றால் டீயும் கையுமாகத்தான் நிற்பார். இப்போதும் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் காபி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, கேட்காதவனுக்கெல்லாம் காபி ஊற்றிக்கொண்டிருப்பார். மற்ற சொந்தக்காரர்கள் கதை தனி. காலையில் வாசலில் சந்தனம் கொடுத்தபோது ஒன்றுவிட்ட பெரியப்பா "உன் பொண்ணு பேட்மிண்டன்ல பெரிய ஆளாயிட்டாளாமே" என்றார். "டென்னிஸ் பெரியப்பா." "அதான், அதேதான்." நேற்றுப் பேப்பர்காரர் ஒருத்தர் போன் பண்ணி, போன நம்ம ஆட்களில் ஆண்கள் ரெண்டு பேரும் தோற்றாச்சு, இரட்டையர் ஜோடியும் போயாச்சு, இனி இந்தியாவுக்கு மிச்சம் உங்கள் பொண்ணுதான் மேடம், எப்படி உணர்றீங்க என்றார். எப்படி உணர்வாள்? அத்தனை பெரிய தேசத்துக்கு வேறு தோள் கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. "சந்தோஷமா இருக்குங்க" என்று சொல்லி வைத்தாள்.

தாலித் தட்டு சபைக்குப் போயிருக்கிறது. தேங்காய் மேல் தாலியைச் சுற்றி வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோய், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணி, அது திரும்பி மணவறைக்கு வர வேண்டும். முன்வரிசையிலேயே நிற்கிறது, யாரோ ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு என்னமோ ஸ்லோகம் சொல்கிறார், சொல்லி முடிப்பாரா மாட்டாரா. மண்டபமோ நீளம், கடைசி வரிசை கண்ணுக்கே தெரியவில்லை. மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஒரு தட்டும் ஒரு விளக்கும், இதைப் பிடிக்கவே இந்த வலி. எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்கிறது, நிமிர்த்தினாள். போன் அதிரவில்லை. கொஞ்ச நேரமாகவே அதிரவில்லையோ? ஹெட்மாஸ்டர் ஆரம்பித்தபோது ஒன்று வந்தது, இல்லை, அது அதற்கு முன்னால். நீளமான கேமாக இருக்கும், டியூஸ், அட்வாண்டேஜ், மறுபடி டியூஸ் என்று இழுக்கும், இழுக்கட்டும். தட்டு ரெண்டாவது வரிசைக்குப் போனது. அதிரவில்லை. மூன்றாவது வரிசை. நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடித்து அடுத்ததை ஆரம்பித்தார். இல்லை. சிக்னல் போய்விட்டதா, மண்டபத்துக் கூரை தகரம், போனாலும் போகும். இல்லை நின்றுவிட்டாளா. அப்படித்தான் இருக்கும், நின்றுவிட்டாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடி வந்து பக்கத்தில் மண்டிபோட்டு அந்தக் கையை மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறாள், யாமினி பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள், அழ மாட்டாள், சின்ன வயசிலிருந்தே வலித்தால் வானத்தைத்தான் பார்ப்பாள், தடுப்பூசி போடும்போதும் சீலிங்கைத்தான் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மனுஷர் கிடையாது. சொந்தமென்று ஒரு முகம் கிடையாது அந்த ஊரில். பயிற்சியாளர் உண்டு, அவன் ஜெயிக்கப் பார்ப்பானா கையைப் பார்ப்பானா. பெற்றவள் இங்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பரிமளா, சிரிச்ச முகமா நில்லுடி, வீடியோ எடுக்கறான்" என்றாள் சித்தி காதோரத்தில். சிரித்தாள்.

அதிர்ந்தது! அப்பாடா. ஒரே ஒரு தரம். நீளமாக இல்லை, ஆகவே முடியவில்லை, ஆடுகிறாள், எழுந்து மறுபடியும் ஆடுகிறாள். அந்த அப்பாடா நெஞ்சை விட்டு இறங்குவதற்குள் அடுத்த பயம் ஏறிக்கொண்டது. ஆடுகிறாள் என்றால் அந்தக் கை மறுபடியும் மேலே போகிறது. பந்தை இடது கையால் தூக்கிப் போட்டு, உடம்பை வில்லாக வளைத்து, வலது கையைப் பின்னால் கொண்டுபோய், அங்கேதான், அந்த இடத்தில்தான். இவள் தன் தோளைத் தன்னையறியாமல் இறுக்கினாள், விளக்கு ஆடியது, சித்தி "ஏய்" என்றாள். எத்தனை வருஷமாக இந்தப் பெண் ஆடும்போதெல்லாம் இவளும் கூடச் சேர்ந்து ஆடுகிறாள், டிவியில் காட்டினாலும் காட்டாவிட்டாலும், போனில் நம்பர் மட்டும் மாறினாலும், ஒரு பந்தையாவது இவளால் அந்தப் பக்கம் தள்ள முடிந்திருக்கிறதா? சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினால் அங்கே பாயிண்ட் வந்துவிடுமா? பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டால்? எத்தனை தரம் கும்பிட்டிருக்கிறாள், ஜெயிக்கணும் ஜெயிக்கணும் என்று, அந்தச் சாமிக்கே சலித்துப்போயிருக்கும். அதுவும் ஒரு திமிர்தான், இங்கே இருந்துகொண்டு அங்கே ஏதோ செய்கிறோம் என்கிற நினைப்பு. தண்டபாணியின் டீக்கும் இவள் கும்பிடுக்கும் என்ன வித்தியாசம், ஒன்றுமில்லை, ரெண்டு பேரும் கையாலாகாதவர்கள், அவர் டீ குடிக்கிறார், இவள் கும்பிடுகிறாள்.

தட்டு திரும்பி வந்துவிட்டது. நேரமாகிறது என்று ஐயர் பறந்தார். ஒன்று அதிர்ந்தது, கொஞ்சம் கழித்து இன்னொன்று. முடியப்போகிறது, மூன்றாவது செட்டின் கடைசியில் இருக்க வேண்டும், எண்ணாவிட்டாலும் உடம்புக்குத் தெரிகிறது. தம்பி தாலியைக் கையில் வாங்கினான், எந்தப் பக்கம் கட்டுவது என்று ஐயரைப் பார்க்கிறான், கிறுக்குப்பய, இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று ஓடிவிட்டு இப்போது முழிக்கிறான். சித்தி பின்னாலிருந்து கிசுகிசுத்தாள், "இப்ப வேண்டிக்கடி. விளக்கோட நிக்கற நாத்தனா வேண்டுனா அப்படியே நடக்கும்." வேண்டிக்கொள்ள வேண்டும். தம்பிக்காக, இந்தப் பெண் சங்கவிக்காக, பதினாறும் பெற்று, வழக்கமாக எல்லோரும் வேண்டுவது. வள்ளிமலை முருகா என்று ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. முருகா, அவள் தோற்றுப்போகட்டும். அய்யோ. இல்லை, ஆமாம், தோற்றுப்போகட்டும், இப்போதே, இந்த கேமிலேயே, ஒரு பந்து வெளியே போகட்டும், வலையில் விழட்டும், ரெண்டு பந்து, அவ்வளவுதானே உனக்கு, என்ன கஷ்டம். தோற்றுவிட்டு நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வரட்டும், அழட்டும், ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அழட்டும், நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கை இருக்கும். கை இருந்தால் போதும். தோத்துடுடி கண்ணு, தோத்துடு, தோத்துடு. முகூர்த்த நேரத்தில் மணவறையில் நின்றுகொண்டு பெற்ற மகள் தோற்க வேண்டும் என்று வேண்டிய ஒரே நாத்தனார் இவளாகத்தான் இருப்பாள். அந்தப் பிள்ளை எட்டு வயசிலிருந்து ஆசைப்பட்டது இதற்குத்தானே, சுவரில் பந்தடித்து அடித்துக் கீழ்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியது இதற்குத்தானே, அது தெரிந்துமா? தெரிந்துதான். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளம் இடித்தது, அட்சதை மழையாகக் கொட்டியது, ஒரு அரிசி கண்ணில் விழுந்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகினான், சித்தி சட்டென்று விளக்கை வாங்கிக்கொண்டாள், கை ரெண்டும் காலியானது, இப்போது ஒரே ஒரு நொடி இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனால் போதும், ஆனால் தாலிக்கயிற்றின் ரெண்டு நுனியும் காத்துக்கொண்டிருக்கின்றன. குனிந்தாள். பூ ஜடையை ஒதுக்கிவிட்டு ரெண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதுக்கு நுனியைச் சுற்றும்போது போன் அதிர ஆரம்பித்தது, நீளமாக, நிற்காமல், இடுப்பெலும்பு வரைக்கும். முடிந்துவிட்டது. ஜெயித்தாலும் இதே அதிர்வு, தோற்றாலும் இதே அதிர்வு, கை போய் நடுவில் விலகிவிட்டாலும் இதே அதிர்வு. கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது. முடிச்சு தெரியவில்லை, விரலே தடவிப் பார்த்துப் போட்டது. "அக்கா, கையை எடுக்காதீங்க, அப்படியே கேமராவைப் பாருங்க" என்றான் போட்டோக்காரன். பார்த்தாள். "இன்னொண்ணு." பார்த்தாள். "அழாதீங்கக்கா, சிரிங்க." சித்தி விளக்கை மறுபடியும் கையில் திணித்தாள், அக்கினியைச் சுற்றி வர நாத்தனார் விளக்கோடு முன்னால் நடக்க வேண்டும். நடந்தாள். அக்கினியை முதல் தரம் சுற்றும்போது யாமினி தோற்றிருப்பாள் என்று நினைத்தாள், முருகன் கேட்டிருப்பான், கேட்டுவிட்டானே பாவி. அடுத்த சுற்றில் கை போயிருக்கும் என்று நினைத்தாள், விளக்குத் தட்டு சாய்ந்தது, தம்பி பின்னாலிருந்து "அக்கா, பாத்து" என்றான். மூன்றாவது சுற்றில் எதுவும் நினைக்க வரவில்லை, புகை கண்ணில் எரிந்தது, நடந்தாள்.

நடந்து முடித்து அம்மி மிதிக்கிற இடத்தில் நிற்கும்போது கீழே படிக்கட்டில் தடதடவென்று சத்தம், தண்டபாணி ஓடி வருகிறார், வேட்டி மடித்துக் கட்டி, சட்டையெல்லாம் காபி. "பரிமளா! டிவியில ஓடுதுடி! கீழ, அடியில, எழுத்து ஓடுது! ஜெயிச்சுட்டா! நம்ம யாமினி ஜெயிச்சுட்டா!" ஒரு நொடி மண்டபம் புரியாமல் முழித்தது, அப்புறம் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்ட, நாதஸ்வரக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ தானாகவே இன்னொரு கெட்டிமேளம் வாசித்தார். ஒன்றுவிட்ட பெரியப்பா எழுந்து நின்று "பேட்மிண்டன்ல, நம்ம பொண்ணு!" என்று பக்கத்து வரிசைக்குச் சொன்னார். தண்டபாணி மேடையில் ஏறி, விளக்கு இருக்கிறதென்றும் பார்க்காமல் இவளைக் கட்டிக்கொள்ள வந்து, நின்று, அழுதார். "நான் பார்க்கவே இல்லடி, ஒரு தரம்கூடப் பார்க்கல" என்றார். அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். பாவி மனுஷா, ஒன்றுமே தெரியாத பாவி மனுஷா. பரிமளத்துக்கும் சந்தோஷம் வந்தது, வராமல் இருக்குமா, உச்சந்தலை வரைக்கும் ஒரு குளிர் ஓடியது, என் பெண், என் பெண் என்று ஏதோ கத்தியது உள்ளே. அது ஓடி முடித்த இடத்திலேயே அடுத்தது நின்றுகொண்டிருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று, நாளன்றைக்கு. மறுபடியும் ஊசி, மறுபடியும் சர்வீஸ், ஜெயித்தால் அதற்கடுத்தது. தோற்றால்தான் நிற்கும், தோற்கிற பெண் இல்லை அது.

விளக்கை அம்மிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒருவழியாகப் போனை எடுத்தபோது வீடியோ காலே வந்துவிட்டது. இவள் பார்ப்பதற்குள் தம்பி பிடுங்கிக்கொண்டான், "மருமகளே! மாமாவுக்குக் கல்யாணப் பரிசாடி?" என்றான், சங்கவி ஜடையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து வெட்கப்பட்டாள், தண்டபாணி "அப்பா பார்க்கலம்மா, சத்தியமாப் பார்க்கல" என்று அதையே சொன்னார், யாமினி சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாகச் சித்தி வாங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினாள். "யாமினி, உங்கம்மா விளக்கப் பிடிச்சிக்கினு வாய்க்குள்ளயே உருகி உருகி வேண்டிக்கினா, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். நாத்தனா வேண்டுனது பலிச்சுப்போச்சு பாரு!" அப்புறம்தான் போன் பரிமளத்தின் கைக்கு வந்தது. யாமினியின் முகம், வேர்வை காயாமல், உதடு வெளுத்து. தோளில் ஐஸ் கட்டியிருந்தது, வலது கை திரையிலேயே இல்லை. தலை பின்னவில்லை. ஒரு ரப்பர் பேண்டில் கோணலாக இழுத்துக் கட்டியிருந்தாள், முடி நாலாபக்கமும் கண்ணில் விழுந்து ஒட்டியிருந்தது, அதை இடது கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

"தலை ஏண்டி பின்னல?" என்றாள் பரிமளம்.

இவளுக்குப் பின்னால் ஜனம் இருக்கிறது, அப்பா இருக்கிறார். யாமினி வானத்தைப் பார்த்தாள், அந்த அறையில் வானம் ஏது, சீலிங்கைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"சின்னப் பாட்டி சொன்னாங்களே, நிஜமாவாம்மா? எனக்காக வேண்டிக்கிட்டியா?"

"ஆமாம்."

"நாளன்னைக்கும் வேண்டிக்கோம்மா. இதே மாதிரியே வேண்டிக்கோ."

சுற்றிலும் எல்லோரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி, சொல்லு சொல்லு என்றார்.

"வேண்டிக்கறேன்" என்றாள் பரிமளம். என்ன வேண்டினாய் என்று யாமினி கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.